சத்துவாச்சாரி பாக்ஸிங் ஷெட்: சனிக்கிழமை ஸ்பாரிங்குக்காகவே சேரலாம்

வேலூரில் பாக்ஸிங் கத்துக்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் போவது சத்துவாச்சாரியில் ஹைவேயை ஒட்டிய சந்துக்குள் இருக்கும் ஒரு தகர ஷெட். போர்டு கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது, "பாக்ஸிங் மாஸ்டர் ஷெட்" என்று கேட்டால் முனையில் இருக்கும் டீக்கடைக்காரர் கை காட்டுவார். சத்துவாச்சாரி என்றாலே பளு தூக்குதல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த்திலும் தங்கம் வாங்கிய சதீஷ்குமார் சிவலிங்கம் இந்த ஊர்ப் பையன். பளு தூக்க இடம் கேட்டால் நாலு பேர் வழி சொல்வார்கள், குத்துச்சண்டைக்கு இடம் கேட்டால் கொஞ்சம் அலையத்தான் வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி: வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, ராணிப்பேட்டையில் தோல் ஃபினிஷிங் யூனிட்டில் வேலை. அமெச்சூர் பாக்ஸிங்கில் 40 வயது வரை ஆடலாம் என்று விதி இருக்கிறது, ஆனாலும் போட்டிக்குப் போகும் ஆசை எனக்கு இல்லை. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, எதிரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு மூன்று ரவுண்டு தாங்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதுவது அந்தக் கண்ணோடுதான். பையனை நேஷனல்ஸ் வரை அனுப்ப நினைக்கும் அப்பா அம்மாவுக்கு இது பாதிதான் உதவும்.

உடம்பு இளைக்க வருகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி இல்லை, பாட்டு இல்லை, ஆளுயரக் கண்ணாடி ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில் விரிசல். ஒரு ரிங் உண்டு. போட்டி ரிங் என்றால் கயிற்றுக்குள் 6.1 மீட்டர் சதுரம் இருக்க வேண்டும், இது பார்த்தாலே தெரியும் அளவுக்குச் சின்னது. அப்புறம் தொங்கவிட்டுக் குத்தும் நாலு பேக், சுவரில் ஒரு டைமர், மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நிற்கும், அவ்வளவுதான் ஷெட். இளைக்கத்தான் வேண்டும் என்றால் ஊருக்குள் ஏசி ஜிம்களில் பாக்ஸிங் கிளாஸ் என்று நடத்துகிறார்கள், பேட் பிடிப்பார்கள், நன்றாக வியர்க்கும், போட்டோவும் நன்றாக வரும். அப்படி ஒரு ஜிம்மில் நானும் காசு கட்டிப் போய்க்கொண்டிருந்தேன், கடைசிவரை என் எதிரே கிளவுஸ் போட்ட ஒரு ஆளை அவர்கள் நிறுத்தவே இல்லை. இன்ஷூரன்ஸ் பிரச்சினை, அடிபட்டால் யார் பொறுப்பு என்றெல்லாம் சொன்னார்கள், நியாயம்தான். ஆனால் எதிரே நிற்பவன் நகர்வான், ஏமாற்றுவான், நாம் கையை நீட்டிவிட்டுத் திரும்ப எடுப்பதற்குள் வைத்துவிடுவான், அதைப் பழகாதவரை மற்றதெல்லாம் கைகால் பயிற்சிதான்.

ஷெட்டில் சேர்ந்த உடனே ரிங்குக்குள் விட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். முதலில் ஸ்கிப்பிங், ஸ்டான்ஸ் எனப்படும் நிற்கும் முறை, ஃபுட்வொர்க். ஸ்டான்ஸில் நின்று முன்னால் பின்னால் போவது, கால் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் நகர்வது, இதையே மாஸ்டர் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். அதற்குப் பிறகு ஜாப், அதாவது முன்னால் வைத்திருக்கும் கையை நேராக நீட்டும் குத்து. அதற்குப் பிறகும் ஜாப். காலேஜ் பையன்கள் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே காணாமல் போய்விடுகிறார்கள், மாஸ்டரும் அவர்களைத் தேடிப் போவதில்லை. ஒன்று ஜாப், இரண்டு பின்கையால் நேராகப் போடும் கிராஸ், மூன்று முன்கையை வளைத்துப் போடும் ஹூக், நாலு பின்கை ஹூக், ஐந்தும் ஆறும் கீழிருந்து மேலே போடும் அப்பர்கட் என்று எண் வைத்துத்தான் கத்துவார், பேட் பிடிக்கும்போது "ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு" என்று அவர் குரல் டீக்கடை வரைக்கும் கேட்கும்.

பல்லைக் காக்கும் மவுத்கார்டைச் சொந்தமாக வாங்காதவர்களுக்கு ஸ்பாரிங், அதாவது எதிரே ஆளை நிறுத்திப் பழகும் ஆட்டம், கிடையாது. இதில் அவர் யாருக்கும் தளர்த்துவதில்லை, மாமன் மச்சான் சிபாரிசெல்லாம் செல்லாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடத்தை நான் பரிந்துரைக்க ஒரே காரணம் சனிக்கிழமை ஸ்பாரிங்கை மாஸ்டர் நடத்தும் விதம். பல இடங்களில் ஸ்பாரிங் என்றால் இரண்டு பேரை உள்ளே விட்டு, மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்க, யாராவது ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவதுதான். இங்கே படிப்படியாகப் போகும். முதலில் இரண்டு பேருமே ஜாப் மட்டும், வேறு எதுவும் கூடாது. அது பழகிய பிறகு ஒருவர் அடிக்க ஒருவர் தடுக்க மட்டும், அடுத்த ரவுண்டில் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் பிறகுதான் எல்லா அடியும் அனுமதி, அதுவும் பாதி வேகத்தில், பாதி பலத்தில். புதியவர்களுக்கு இரண்டு நிமிட ரவுண்டு. மாஸ்டர் வெளியே நாற்காலி போட்டு உட்காருவதில்லை, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ரிங்குக்குள்ளேயே கூட நகர்ந்துகொண்டிருப்பார்.

ஜோடி சேர்ப்பதில்தான் அவருடைய திறமை தெரிகிறது. எடை பார்ப்பார், எவ்வளவு நாளாக வருகிறார்கள் என்று பார்ப்பார், அதற்கு மேல் ஆளின் சுபாவத்தையும் பார்ப்பார். வேகமாகச் சூடாகும் பையனை இன்னொரு சூடான பையனோடு ஒருநாளும் விடமாட்டார், அனுபவமுள்ள சீனியர் யாரையாவது எதிரே நிறுத்திவிடுவார், அந்த சீனியர் அடிக்கவே மாட்டார், தட்டிவிட்டுக்கொண்டும் நழுவிக்கொண்டுமே இருப்பார், பையன் காற்றைக் குத்திக் குத்திக் களைத்துப்போய் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுவான். மீறி யாராவது பலம் காட்டினால் உடனே விசில். "டேய், இது ஸ்பாரிங்டா, சண்டை இல்ல. இறங்கு." அன்றைக்கு அவனுக்கு அவ்வளவுதான், மூலையில் ஸ்கிப்பிங். எங்களைப் போல வயதானவர்களை சார் போட்டுத்தான் கூப்பிடுவார், அதற்காகத் திட்டு குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: "சார், கண்ணை மூடாதீங்க சார், வர்ற அடியைப் பாத்து வாங்குங்க."

அந்தக் கண் விஷயம் எல்லோருக்கும் பொது. முகத்துக்கு நேரே கிளவுஸ் வந்தால் கண் தானாக மூடும், தலை பின்னால் போகும், மோவாய் மேலே தூக்கும். மூன்றும் தப்பு, மூன்றும் உடம்பு கேட்காமலே செய்வது. ஜாப் மட்டும் ஸ்பாரிங்கை மாஸ்டர் அவ்வளவு நாள் இழுப்பதற்கு அர்த்தம் இங்கேதான் புரியும், ஒரே மாதிரி அடி திரும்பத் திரும்ப லேசாக வரும்போது கண் பழகிவிடுகிறது. அடுத்தது மூச்சு. பேக்கில் ஐந்தாறு ரவுண்டு அசராமல் அடிப்பவர்கள்கூட முதல் ஸ்பாரிங்கில் ஒரே நிமிடத்தில் கை தூக்க முடியாமல் நிற்பதை வாராவாரம் பார்க்கலாம். ஸ்டாமினா குறைவு என்று நினைத்துக்கொண்டு மறுநாள் பாலாற்றுப் பாலத்தில் ஓடப் போய்விடுவார்கள். உண்மையில் பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், தோளை இறுக்கிக்கொள்கிறார்கள், காரணம் அதுதான். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று மூச்சை விடச் சொல்லி மாஸ்டர் காதருகில் கத்துவது இதற்காகத்தான்.

இடது கைக்காரர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெட்டில் ஒரு பிளஸ் டூ பெண் வருகிறாள், சவுத்பா, அதாவது வலது காலும் வலது கையும் முன்னால் வைத்து நிற்பவள், போட்டிகளுக்குப் போகிறவள், என்னைவிட எடை மிகக் குறைவு. அவளோடு நிற்கும்போது நான் பழகியதெல்லாம் தலைகீழாகிவிடும், என் முன்காலும் அவள் முன்காலும் ஒரே கோட்டில் முட்டிக்கொள்ளும், என் ஜாப் அவள் முன்கையிலேயே மோதி நிற்கும், அவளுடைய இடது கிராஸ் மட்டும் நேராக உள்ளே வந்து உட்காரும். "அண்ணா, காலை வெளியே வைங்க" என்று அவளே பாவம் பார்த்துச் சொல்லித்தந்தாள். முன்காலை அவள் முன்காலுக்கு வெளிப்பக்கமாக வைத்துவிட்டால் நம் பின்கைக்கு வழி திறக்கும், அவள் கைக்கு வழி அடைபடும். வீடியோவில் நூறு முறை பார்த்தாலும் இது காலுக்கு ஏறாது, எதிரே அப்படி ஒரு ஆள் நிற்க வேண்டும்.

மாஸ்டரின் பாணியில் எனக்கு ஒரு குறை உண்டு, அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவர் ஆடிய காலம் கம்ப்யூட்டர் ஸ்கோரிங் காலம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தீர்ப்புகள் நாறியதற்குப் பிறகு, 1992 பார்சிலோனாவிலிருந்து நடுவர்கள் பட்டனை அழுத்தி ஒவ்வொரு அடியையும் எண்ணினார்கள், 2012 லண்டன் வரை அதுதான் ஓடியது. பல நடுவர்கள் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பாயின்ட், அதனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற நீளமான நேர் குத்துக்குத்தான் மதிப்பு, வயிற்றில் போடும் அடி பெரும்பாலும் கணக்கில் ஏறாது. 2013இல் முறை மாறிவிட்டது. இப்போது ஐந்து நடுவர்கள், ரவுண்டில் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. பாடி ஷாட், நெருங்கி நின்று அடிப்பது, ரவுண்டைக் கையில் வைத்திருப்பது எல்லாம் இப்போது பேசும். மாஸ்டர் இன்னமும் தொட்டுவிட்டு ஓடு, தொட்டுவிட்டு ஓடு என்றே சொல்லித்தருகிறார், பாடி ஷாட்டுக்கு வருவதற்குள் பொறுமை போய்விடுகிறது. எனக்கு இதில் நஷ்டமில்லை, வயதுக்கு ஓடுவதே நல்லது. போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது இடிக்கும். நான் சொன்னபோது சிரித்துவிட்டு, "முதல்ல தொடுங்க சார், அப்புறம் வயித்தைப் பாக்கலாம்" என்றார்.

தலைக்கு அடிபடுவது பற்றி வீட்டில் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். ஹெட்கார்டு போட்டால் பயமில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஹெட்கார்டு புருவம் கிழிவதையும் சிராய்ப்பையும் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்துவதாகச் சொல்ல முடியாது. பெரிய சர்வதேசப் போட்டிகளில் ஆண்கள் பிரிவில் ஹெட்கார்டையே 2013இல் எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் ஆடினார்கள். நம்மைப் போன்ற அமெச்சூர் ஆட்கள் அதைப் பார்த்துக் கழற்ற வேண்டியதில்லை, கண் கிழிந்து மறுநாள் வேலைக்குப் போவது யாருக்கு வேண்டும். தலையைக் காப்பாற்றுவது அடியின் எண்ணிக்கையும் பலமும் குறைவாக இருப்பதுதான், அதனால்தான் திரும்பத் திரும்ப மாஸ்டரின் விசிலைப் பற்றியே எழுதுகிறேன். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னால் அன்றே நிறுத்திவிடுவார், டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். ஆனால் எத்தனை நாள் ஓய்வு, எப்போது மறுபடி ஸ்பாரிங் என்பதற்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, எல்லாம் அவர் கண்ணால் பார்த்துப் போடும் கணக்குதான், இதை அவர் மாற்ற வேண்டும். இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில்தான், நாட்டின் எந்த மூலையிலிருந்தெல்லாமோ ரயில் பிடித்து காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், உள்ளூரில் இருந்துகொண்டு தலைவலி மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வது அநியாயம்.

சாமான் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் தோல் என் பிழைப்பு. ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ் வேண்டும், ஒரு கைக்கு ஏறக்குறைய 450 கிராம். போட்டியில் எடைப்பிரிவைப் பொறுத்து 10 அல்லது 12 அவுன்ஸ்தான் போடுவார்கள், பயிற்சியில் கனமாகப் போடுவது எதிரே நிற்பவருக்காக. பேக்குக்கு ஒரு ஜோடி, ஸ்பாரிங்குக்கு ஒரு ஜோடி என்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது, பேக்கில் அடித்து அடித்து நசுங்கிய ஃபோமோடு இன்னொருவர் முகத்தில் குத்தக் கூடாது. நம் ஊர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மீரட், ஜலந்தர் சரக்கு, அதில் விலை குறைந்ததெல்லாம் பியூ எனப்படும் செயற்கைப் பூச்சு. பியூ வாங்குவது தப்பில்லை, ஆனால் வியர்வை ஈரமும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும், உரிந்த விளிம்பு முகத்தில் சுரண்டும். அசல் தோல் விலை கூடுதல், பல வருஷம் உழைக்கும், வாங்கும்போது மணிக்கட்டு ஓரத்தில் வெட்டுவாயைப் பாருங்கள், நார் நாராகத் தெரிந்தால் தோல், பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் ரெக்சின் வகை. தோல் வாங்கினாலும் மொட்டைமாடி வெயிலில் காயப் போடாதீர்கள். பதனிடும்போது நாங்கள் ஏற்றும் எண்ணெய்ச் சத்துதான் தோலை மெத்தென்று வைத்திருக்கிறது, கொதிக்கிற வெயிலில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்கு அடியில் வைத்தால் போதும்.

கைக்குச் சுற்றும் பேண்டேஜ் நாலரை மீட்டர் நீளத்தில் வாங்குங்கள், குட்டையானது மணிக்கட்டுக்கே சரியாகிவிடும், விரல் முட்டிக்கு மிச்சமிருக்காது. மவுத்கார்டு சுடுதண்ணீரில் போட்டுக் கடிக்கும் வகை போதும், கடித்த பிறகு வாயைத் திறந்தாலும் விழாமல் மேல்பல்லில் ஒட்டி நிற்க வேண்டும், நிற்காவிட்டால் மறுபடி சுடுதண்ணீர். ஹெட்கார்டு ஷெட்டிலேயே இருக்கிறது. அந்த நாற்றத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. டேனரிக்காரன் நானே மூக்கைப் பொத்துகிறேன் என்றால் புரிந்துகொள்ளுங்கள். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

மற்ற குறைகள்: ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால பேட்ச் நரகம், தகரம் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ஆறு மணிக்குத்தான் கீழே இறக்கும், இரண்டு ஃபேன் போதவே போதாது. அந்த மாதங்களில் காலை ஐந்தரை பேட்சுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். முதலுதவி என்று இருப்பது ஐஸ் பெட்டி, வாசலின், பஞ்சு. பெண்கள் உடை மாற்றுவதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது, கதவு கிடையாது, திரைதான், வருகிற பெண்கள் வீட்டிலிருந்தே டிராக் சூட்டில் வந்துவிடுகிறார்கள். ஸ்பாரிங் நேரத்தை வாட்ஸ்அப்பில் கடைசி நேரத்தில் மாற்றுவார், ஷிஃப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய இம்சை. போட்டி சீசன் வந்தால் மாஸ்டர் கவனம் முழுக்கப் பிள்ளைகள் பக்கம் போய்விடும், எங்களை மாதிரி பெரியவர்களை சீனியர் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்களும் கெட்டிக்காரர்கள்தான், விசில் மட்டும் ஒரு நொடி தாமதமாக வரும்.

ஷெட் வாசலில் ஒரு ரிட்டையர்டு பெரியவர் சாயங்காலமானால் வந்து உட்காருவார், 1980இல் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வார்ம் அப் முடித்துவிட்டுக் கேளுங்கள், முன்னாடி கேட்டால் கிளாஸ் போய்விடும்.

கட்டணம் பெரியவர்களுக்கு மாதம் 1,200 ரூபாய், ஸ்கூல் பிள்ளைகளுக்குக் குறைவு, முடியாதவர்களிடம் மாஸ்டர் கேட்பதே இல்லை. ஸ்பாரிங்குக்குத் தனிக் காசு கிடையாது. ரசீது கேட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். சேர்வதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சும்மா வந்து கயிற்றுக்கு வெளியே நின்று பாருங்கள் என்று அவரே சொல்வார், அப்படியே செய்யுங்கள், வேறு எந்த ஊரில் எந்த பாக்ஸிங் கிளாஸில் சேர்வதாக இருந்தாலும் அதையே செய்யுங்கள். ஸ்பாரிங் பார்க்கவே விடாத இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம். சந்துக்குள் கார் வராது, பைக்கை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், ஆம்பூர் பிரியாணியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.